கையெழுத்து யாருடையது?

கடந்த ஆண்டு நம் மன்றத்தின் வட்டார முகாமில் "படிப்பும் தொழிலும்" என்று ஓர் அங்கம் வைத்திருந்தார்கள். கணக்கியல் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். நானும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஏசிசிஏ என்றால் 13 தாள், 36 மாத வேலை அனுபவம். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் அது சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். அதற்குப் பிறகு 3 ஆண்டு அனுபவத்தோடு எம்ஐஏ-வில் பதிவு. வரி முகவர் ஆக வேண்டும் என்றால் அது வேறு வாசல். எல்லாரும் தலையாட்டினார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள், சொன்னேன்.

கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தான். பாலிடெக்னிக் மாணவன். "அண்ணே, எங்க ஏரியாவுல ஒருத்தர் இருக்காரு. 30 வருசமா எல்லாருக்கும் போராங் பி அவர்தான் போட்டுக் குடுக்கறாரு. எந்தப் பேப்பரும் இல்ல. ஆனா பேப்பர் உள்ளவங்கள விட அவருக்குத் தெரியும். அப்புறம் எதுக்குண்ணே இந்தப் பேப்பர்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "சட்டம் அப்படித் தம்பி" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

அன்று இரவு கிள்ளானுக்குக் காரில் திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஏனென்றால் அவன் சொன்ன மாதிரி ஒருவரை எனக்கும் தெரியும். நான் கணக்கு கற்றுக்கொண்டதே அவரிடம்தான். அவருக்காக ஒரு தடவை நான் ஒரு காரியமும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் அந்தத் தம்பிக்கு நேர்மையான பதில் சொல்ல முடியாது. முகாமில் சொல்லத் தைரியம் வரவில்லை. எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் அவரைக் "கணக்கு மாமா" என்றுதான் கூப்பிடுவோம். கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் தேவார வகுப்பு முடிந்ததும் எஸ்பிஎம் பிள்ளைகளுக்கு அவர் கணக்கியல் வகுப்பு எடுப்பார். இலவசம். பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம் என்பதை, கோவில் உண்டியலையும் வடை மாவு பில்லையும் வைத்தே புரியவைப்பார். "உண்டியல்ல காசு விழுந்தா அது கோவிலுக்கு வருமானம். ஆனா ஒருத்தர் கும்பாபிஷேகத்துக்குன்னு குடுத்து வெச்ச காசு, கும்பாபிஷேகம் நடக்கற வரைக்கும் கோவிலுக்குக் கடன்டா" என்று ஒரு நாள் சொன்னார். பிற்பாடு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஒரு மணி நேரம் இழுத்த விஷயம் அது.

அவர் எல்சிசிஐ முடித்து ஏசிசிஏ ஆரம்பித்தவர். அப்பா வேலை பார்த்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். குடும்பம் டவுனுக்கு வந்தது. தேர்வுக் கட்டணம் வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும். நாலு தாள் மிச்சம் இருக்கும்போது நிறுத்தினார். அந்த நாலு தாளைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அத்தைதான் சொல்லியிருக்கிறார்.

பகலில் ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை, ராத்திரியில் நம் ஆட்களின் கணக்கு. ஒட்டுக்கடைக்காரர், பூக்கடை அக்கா, வேன் ஓட்டுபவர், சிறு கண்ட்ராக்டர். வருடத்துக்கு 150 வெள்ளி. சிலரிடம் அதுவும் இல்லை, தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு. இவர்களில் பெரும்பாலோர் ஒரு லைசென்ஸ் உள்ள அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகமாட்டார்கள். ஃபீஸ் மட்டும் காரணமில்லை. அங்கே கேட்கும் கேள்விக்கு ஆங்கிலத்திலோ மலாயிலோ பதில் சொல்ல வேண்டுமே என்ற கூச்சமும் உண்டு. மாமாவிடம் தமிழில் புலம்பலாம்.

நான் 2018-இல் எம்ஐஏ உறுப்பினர் ஆகி, தொழில் நடத்தும் சான்றிதழும் வாங்கி, ஒரு கடைவீட்டு மாடியில் சின்ன அலுவலகம் போட்டேன். திறப்பு விழாவுக்கு மாமா வந்தார். பெயர்ப் பலகையில் என் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தட்டில் 101 வெள்ளி வைத்துவிட்டுப் போனார்.

மறு ஆண்டு ஒரு ராத்திரி ஃபைலோடு வந்தார். லோரி வைத்திருக்கும் ஒருவர், நாங்கள் லோரி அண்ணன் என்போம், போர்ட் கிள்ளானிலிருந்து சரக்கு ஏற்றுபவர், இரண்டாவது லோரி வாங்கப் போகிறார். கடன் கொடுக்கும் இடத்தில் ஆறு மாத வங்கி அறிக்கையும், பதிவு பெற்ற கணக்காளர் கையெழுத்திட்ட வருடக் கணக்கும் கேட்டிருக்கிறார்கள். கணக்கை மாமா அழகாகத் தயாரித்துக் கொண்டுவந்திருந்தார். நிகர லாபம் 91,000 ரிங்கிட்.

"பில்லெல்லாம் பார்க்கணுமா மாமா?" என்று கேட்டேன். அது ஒரு கேள்வியே இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பார்க்க வேண்டும் என்றால் "பில்லைக் கொண்டாங்க" என்றுதான் சொல்லியிருப்பேன்.

"நான் பார்த்துட்டேன்டா" என்றார்.

எனக்குப் பற்று வரவு சொல்லிக்கொடுத்தவர். கையெழுத்துப் போட்டேன். முத்திரையும் குத்தினேன். மாமா காப்பி குடித்துவிட்டுப் போனார். லோரி அண்ணனுக்குக் கடன் கிடைத்தது. மாதத் தவணை ஒன்று தவறாமல் கட்டினார். யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

2023 ஜூன் 6-ஆம் தேதி அரசாங்கம் தாமாக முன்வந்து வருமானத்தை அறிவிக்கும் சிறப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கியது. 2024 மே 31 வரை காலக்கெடு. விட்டுப்போன வருமானத்தைச் சொன்னால் வரி மட்டும் கட்டலாம், அபராதம் இல்லை. இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு லோரி அண்ணன் என்னிடம் வந்தார். மாமாவுக்குத் தெரியாமல் வந்தார். அவருக்குத் தெரிந்த இன்னொரு லோரிக்காரரிடம் வருமான வரி அதிகாரிகள் தணிக்கைக்குப் போயிருந்தார்களாம், இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

பழைய போராங் பி-களைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட அதே வருடம், வருமான வரிக்குக் காட்டிய நிகர லாபம் 38,000.

உட்கார்ந்த இடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரே வியாபாரம், ஒரே வருடம், இரண்டு கணக்கு. கடன்காரனுக்கு ஊதிக் காட்டியிருக்கிறார், நான் அதில் முத்திரை குத்தியிருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று வார இறுதி உட்கார்ந்து டீசல் ரிசிட், டிரிப் சீட்டு, டயர் பில் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். லோரி அண்ணனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, ரொக்கமா, செக்கா, எல்லாம் அதில் இருந்தது. கூட்டிப் பார்த்தால் உண்மையான லாபம் 86,000 வந்தது. மாமா கடனுக்காகத் தயாரித்த கணக்கில் இன்சூரன்ஸும் ரோட் டாக்ஸும் மட்டும் விட்டுப்போயிருந்தன.

அதாவது நான் கையெழுத்துப் போட்ட கணக்குதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. வருமான வரிக்குப் போனதுதான் பொய். ரொக்க டிரிப்புகளை அதில் சேர்க்கவே இல்லை.

மாமாவிடம் போனேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "பார்த்தியா, நான் உன்கிட்ட சரியான கணக்கைத்தானே குடுத்தேன்? உன் பேரை நான் கெடுப்பேனாடா?" என்றார். வரிக்குக் குறைத்தது ஏன் என்று கேட்டேன். "அவன் தங்கச்சி கல்யாணம் அந்த வருசம். வரியைக் கட்டிட்டு அவன் என்ன செய்வான்? பெரியவங்க எவ்வளவு கட்டறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அந்தக் கடைசி வார்த்தையை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1எம்டிபி கணக்கைத் தணிக்கை செய்தவர்கள் எழுத்துகளை வாலில் கட்டிக்கொண்ட பெரிய நிறுவனங்கள்தான். அவற்றில் இரண்டு 2021-இல் ஆளுக்கு 300 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் அரசாங்கத்துக்குக் கொடுக்க உடன்பட்டன. தகுதி, அனுபவம், 3 ஆண்டுக்கு 120 மணி நேரத் தொடர்கல்வி, இவையெல்லாம் இருந்தவர்களின் மேசையைத் தாண்டித்தான் அந்தக் கணக்குகள் போயின. பேப்பர் இருந்தால் நல்லவன், இல்லாவிட்டால் கெட்டவன் என்று நான் சொன்னால் அந்தப் பாலிடெக்னிக் தம்பி என்னை மறுபடியும் பார்த்துச் சிரிப்பான், சிரிக்கவும் வேண்டும்.

ஆனால் என்னை வாட்டியது வேறு ஒன்று. என் கையெழுத்து பொய்யா, இல்லையா? கணக்கு கிட்டத்தட்ட சரி. 5,000 வித்தியாசத்தில் கடன் மறுக்கப்பட்டிருக்காது. அப்படியானால் நான் சொன்னது உண்மை. ஆனால் அது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒருவன் உண்மையைச் சொன்னால் அவன் உண்மை பேசியவனா?

இதைப் பல நாள் யோசித்தேன். எங்கள் வீட்டில் அம்மா சொல்வார், குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி என்று. பாய்ந்தது சரியாக விழுந்துவிட்டது, அதற்காகப் பூனைக்குக் கண் தெரியும் என்று ஆகிவிடாது. கணக்கின் கீழே நான் போடும் கையெழுத்து 91,000 என்ற எண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எண்ணை மாமாதான் சொன்னார். கையெழுத்து சொல்வது என்னைப் பற்றி. "நான் பார்த்தேன், கேட்டேன், எனக்குத் திருப்தி" என்று சொல்கிறது. அந்த மூன்றும் நடக்கவில்லை. எண் உண்மையாகவும் கையெழுத்து பொய்யாகவும் ஒரே தாளில் இருக்க முடியும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. சித்திரகுப்தர் கையில் ஓலையும் எழுத்தாணியும் இருக்கின்றன. இன்னொருவர் எழுதிக் கொடுத்ததற்குக் கீழே வைக்கும் முத்திரை அவர் கையில் இல்லை.

இது எனக்குப் புதுப் பழக்கமும் இல்லை. 22 வயதில் எங்கள் கோவிலின் ஆண்டுக் கூட்டத்தில் என்னை உட்கணக்காய்வாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். சங்கப் பதிவகத்துக்கு அனுப்பும் கணக்கில் என் கையெழுத்து வேண்டும். கூட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது பொருளாளர் ஐயா கணக்கை நீட்டினார். ஒரு கையில் வடை, ஒரு கையில் பேனா. பெரியவர்கள் செய்தது தப்பாகவா இருக்கும் என்று போட்டேன். உங்களில் எத்தனை பேர் உங்கள் கிளையில், கோவிலில் அப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கைதூக்கச் சொன்னால் மண்டபமே நிறையும்.

மாமா அன்று இன்னொன்றும் சொன்னார். எனக்கு இன்றுவரை முழுப் பதில் கிடைக்காத வாதம் அதுதான். "உன்கிட்ட பேப்பர் இருக்கு, நேரம் இல்ல. என்கிட்ட விஷயம் இருக்கு, பேப்பர் இல்ல. நீயும் நானும் சேர்ந்தா ஒரு முழு அக்கவுண்டன்ட். இதுல என்ன தப்பு? பெரிய பெரிய ஆபிஸ்ல பார்ட்னர் உட்கார்ந்து ஒவ்வொரு பில்லா பார்க்கறானா? சின்னப் பசங்க பார்க்கறாங்க, அவன் கையெழுத்துப் போடறான்."

உண்மைதான். நான் பயிற்சி பெற்ற இடத்திலும் அப்படித்தான். ராத்திரி பதினோரு மணி வரை வவுச்சரைப் புரட்டியவர்கள் நாங்கள், கீழே கையெழுத்து எங்கள் முதலாளியுடையது. அறிவு ஒருவரிடம், பொறுப்பு ஒருவரிடம் என்று பிரித்துக்கொள்வது உலக வழக்கம். ஆனால் அந்த முதலாளி என்னை எந்த நேரமும் கூப்பிட்டு, "இந்த 4,000 எங்கே போச்சு?" என்று கேட்பார். பதில் சரியில்லை என்றால் ஃபைல் என் மேசைக்குத் திரும்பி வரும். ஒரு தடவை முகத்திலேயே வந்தது. எல்லாவற்றையும் அவர் பார்க்கவில்லை, ஆனால் எதை வேண்டுமானாலும் பார்க்கும் அதிகாரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நான் மாமாவிடம் அதை விட்டுக்கொடுத்தேன். மரியாதை என்ற பெயரில் விட்டுக்கொடுத்தேன். மரியாதைக்கும் பயத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு நம் வீடுகளில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

பெரிய அலுவலகங்களில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. அங்கேயும் பார்க்காமல் போடும் கைகள் உண்டு. அதனால் மாமாவுக்கு நான் சொன்ன பதில் பாதிப் பதில்தான்.

மீதிப் பாதியை எனக்கு லோரி அண்ணன்தான் காட்டினார். தனிநபர்களுக்கு 2004-லிருந்து சுயமதிப்பீட்டு முறை நடக்கிறது. போராங்கை யார் பூர்த்தி செய்தாலும் அதிலுள்ள எண்ணுக்குப் பொறுப்பு வரி கட்டுபவர்தான். தப்பு என்றால் அபராதம் அவருக்கு வரும். ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டியதும் அவர்தான். மாமாவின் பெயர் அந்தப் போராங்கில் எங்கேயும் இல்லை. இருக்க முடியாது, வருமான வரிச் சட்டத்தின் 153-ஆம் பிரிவு சொல்லும் வரி முகவராக அவர் இல்லை. நிதியமைச்சரின் அங்கீகாரம் வாங்கியவருக்குத்தான் அந்தப் பெயர். ஆக, தங்கச்சி கல்யாணத்தை நினைத்து ரொக்க டிரிப்பை விட்டவர் மாமா. மாட்டினால் மாட்டுவது லோரி அண்ணன். மாமா அன்பினால்தான் செய்தார், ஒரு காசு கூடுதலாக வாங்கவில்லை. ஆனால் அந்த அன்பின் விலையை வேறொருவர் தலையில் வைத்தார். லோரி அண்ணனுக்கு அது சரியாகப் புரியவும் இல்லை. "மாமா போட்டுட்டாரு, அவ்வளவுதான்" என்று இருந்தார்.

மாமா தப்புச் செய்தால் எங்கே போய்ப் புகார் செய்வது? இடமில்லை. என் மேல் புகார் என்றால் எம்ஐஏ-வில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருக்கிறது, என் பெயரைப் பதிவேட்டிலிருந்தே எடுக்க அதற்கு வழி இருக்கிறது. 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டம் எனக்குப் பட்டம் கொடுத்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு மூக்கணாங்கயிறு கட்டியது என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன். கயிறு கட்டினதால் மாடு நல்ல மாடு ஆகிவிடாது. முட்டினால் பிடித்து இழுக்க ஒரு பிடி இருக்கிறது, அவ்வளவுதான். தம்பி கேட்டானே, பேப்பர் எதற்கு என்று. எனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டுவதற்கு என்றால் அது தேவையில்லை, மாமாவுக்கு என்னைவிடத் தெரியும். நான் தப்பினால் என்னை எங்கே பிடிக்கலாம் என்று முன்பின் தெரியாதவருக்குக் காட்டுவதற்குத்தான் அது.

அப்படிப் பார்த்தால் நான் செய்தது மாமா செய்ததைவிட மோசம். அவரிடம் பிடி இல்லை, ஊருக்கே தெரியும். நான் பிடியை அவருக்கு வாடகைக்குக் கொடுத்தேன்.

நம் சமய வகுப்பில் மெய்ப்பொருள் நாயனார் கதை சொல்வோம். திருக்கோவலூர் அரசர். சிவனடியார் வேடத்தைக் கண்டால் மெய்ப்பொருள் என்று வணங்குபவர். போரில் தோற்றுத் தோற்றுப் போன முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். அரசர் தாழ்ந்து உட்கார்ந்தார், அவன் குத்தினான். காவலன் தத்தன் வாளை ஓங்கியபோது அரசர் தடுத்து, அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொன்னார். பெரியபுராணத்தில் இருக்கிறது.

சின்ன வயதில் எனக்கு இந்தக் கதை பிடிக்காது. ஏமாந்தவரை எதற்குக் கும்பிட வேண்டும் என்று தேவார ஆசிரியரிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். கத்தி எங்கே இருந்தது பாருங்கள், ஏட்டுக்குள். கணக்குத் தொழிலில் இருப்பவனுக்கு அது உறுத்தும். இன்னொன்று, நீற்றுக்கு மரியாதை கொடுத்ததன் விலையை அரசர் தன் உயிரால் கட்டினார். தன் குடிமகன் ஒருவனை முத்தநாதனுக்கு முன்னால் உட்காரவைத்து, "நீறு பூசியிருக்கிறான், நம்பு" என்று அவர் சொல்லவில்லை. சின்னத்தை நம்பி ஏமாறுவது ஒருவருடைய பக்தியாக இருக்கலாம். அடுத்தவரை ஏமாற விடுவதற்கு அந்தக் கதையில் அனுமதி இல்லை.

அந்தக் கதையில் நான் யார் என்றும் யோசித்தேன். அரசர் இல்லை. முத்தநாதனும் இல்லை, எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை. வாசலில் நின்று வருகிறவருக்கெல்லாம் நீறு பூசி அனுப்புகிறவன் என்று ஒரு பாத்திரம் கதையில் இல்லை. இருந்தால் அது நான்தான். அன்று என்னிடம் பூசிக்கொண்டு போனவர் நல்லவர், கத்தி இல்லை. நான் சோதித்துப் பார்த்து அனுப்பவில்லை.

நீறு என்னுடையது இல்லை என்பதுதான் விஷயம். அந்த எழுத்துகளை என் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நான் படித்தேன், அப்பா ஓவர்டைம் செய்தார், எல்லாம் சரி. ஆனால் ஒரு கடன் அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்து நம்புவது என்னை நம்பி இல்லை, என்னை அவருக்குத் தெரியாது. எனக்கு முன்னால் அதே எழுத்துகளைப் போட்டுக்கொண்டு பில்லைப் பில்லாகப் பார்த்தவர்கள் சேர்த்துவைத்த நம்பிக்கை அது. நான் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறேன். பத்துத் தடவை இப்படிப் போனால், பதினோராவது ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் ஒரு பூக்கடை அக்கா போய் நிற்கும்போது, "இவங்க ஆளுங்க கணக்கா, இன்னொரு பேப்பர் கொண்டா" என்பார்கள். நம் ஆட்களுக்குக் கடன் கிடைக்காது என்று மாமா கோபப்படுவது நியாயம்தான். அந்தக் கோபத்துக்கு நான் கொடுத்த மருந்து நோயை வளர்க்கிற மருந்து.

லோரி அண்ணன் விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் அறிவித்தார், வரியைக் கட்டினார். அபராதம் வரவில்லை. அவர் எனக்கு நன்றி சொன்னார் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. பெரிய தொகை, மூன்றாவது லோரிக்குச் சேர்த்துவைத்தது. "சும்மா இருந்திருந்தா யாரும் கேட்டிருக்கமாட்டாங்க போல" என்று முணுமுணுத்தார். அவர்தான் என்னைத் தேடி வந்தார் என்பது அவருக்கு மறந்துவிட்டது. அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை.

மாமாவிடம் நான் கேட்டது, என் அலுவலகத்தில் வந்து உட்காருங்கள், உங்கள் ஆட்களின் கணக்கை நீங்களே பாருங்கள், நான் மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன், ஃபீஸ் அதே 150 இருக்கட்டும், மீதியை வேறு வேலையில் பார்த்துக்கொள்கிறேன் என்று. "உன்கிட்ட நான் கிளார்க்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். ஏழு மாதம் பேச்சில்லை. கோவிலில் பார்த்தால் அவர் நவக்கிரகத்தைச் சுற்றப் போய்விடுவார். அந்த ஏழு மாதத்தில் எனக்குப் பல தடவை தோன்றியது, மாமா ஒருவருக்காக விட்டுக்கொடுத்தால் என்ன, அவருக்கு வயதாகிவிட்டது, இன்னும் எத்தனை வருடம் என்று. அவருடைய அந்த நாலு தாள் என் கண்முன் வந்து நிற்கும். தோட்டத்தை விற்காமல் இருந்திருந்தால் பலகையில் அவர் பெயர் இருந்திருக்கும், நான் அவரிடம் ஜூனியராக இருந்திருப்பேன். யார் கதவுக்கு உள்ளே, யார் வெளியே என்பதில் தகுதிக்குப் பங்கு கொஞ்சம், காசுக்குப் பங்கு நிறைய. இதை அறிந்துகொண்டே கதவருகில் நிற்பது சுகமான வேலை இல்லை.

இந்த ஜூன் மாதம், போராங் பி நேரத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாமா படியேறி வந்தார். கையில் மூன்று ஃபைல், ஒரு பிளாஸ்டிக் பை. பூக்கடை அக்காவின் கணக்கு, வேன்காரருடையது, இன்னொன்று புது ஆள். எதுவும் பேசாமல் எதிரில் உட்கார்ந்தார். நான் முதல் ஃபைலைத் திறந்து பில்களைப் புரட்டத் தொடங்கினேன். அவர் நாற்காலியில் அசைந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தே தாரிக் வாங்கிவரச் சொன்னேன். குடித்தார். அரை மணி நேரம் ஆனது.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல மாமா. வேனுக்கு மார்ச் மாசமும் ஏப்ரல் மாசமும் பெட்ரோல் ரிசிட் இல்ல."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பையை மேசைமேல் கொட்டித் தேட ஆரம்பித்தார்.